ஆலன் டூரிங்: போலீசிடம் உண்மையைச் சொன்னவருக்கு என்ன நடந்தது? ஆன்லைன் காலத்தில் அவர் கதை ஏன் முக்கியம்?

சித்தூர் மாவட்டத்து கார்வேட்டிநகரம் மாதிரி ஒரு சின்ன ஊரில், ஒரு இளைஞர் தன் போனில் டேட்டிங் ஆப் ஒன்றைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர், வயது, போட்டோ எல்லாம் கேட்ட பிறகு, யார் மீது ஈர்ப்பு என்று அந்த ஆப் கேட்கும். ஆண் மீதா, பெண் மீதா, இருவர் மீதுமா?

சென்னையில் இதற்கு உண்மையான பதிலை டிக் செய்துவிட்டு ஒருவர் கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிடலாம். கார்வேட்டிநகரத்தில் அது நடக்காது. ஆள் 2 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறார் என்று ஆப் காட்டினாலே போதும், அது யார் வீட்டுப் பிள்ளை என்று ஊரில் பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள். பதிலை மாற்றிச் சொன்னால் பொய். சொல்லாமல் விட்டால் அந்த ஆப்பால் பயனே இல்லை. சொன்னால், அந்தத் தகவல் யார் கையில் போய்ச் சேரும் என்று தெரியாது.

அந்தப் போனுக்குள் ஓடும் கணக்கின் அடிப்படையை 1936இல் எழுதிய மனிதரும் இதே கேள்வியில்தான் மாட்டிக்கொண்டார். அவர் பெயர் ஆலன் டூரிங். தன் பாலின ஈர்ப்பு பற்றி ஒரு முறை ஒரு பெண்ணிடம் உண்மையைச் சொன்னார், பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு முறை போலீசிடம் சொன்னார். அடுத்த இரண்டே ஆண்டுகளில் இறந்துபோனார்.

மெட்ராஸ் ராஜதானிக் குடும்பம்

டூரிங்கை நாம் கேம்பிரிட்ஜ் ஆள், லண்டன் ஆள் என்றே படிக்கிறோம். அவர் குடும்பத்தைத் தேடிப் போனால் பாதிக் கதை நம்ம பக்கம் வந்து நிற்கிறது. அப்பா ஜூலியஸ் டூரிங் இந்திய சிவில் சர்வீஸ் அதிகாரி. ஆக்ஸ்ஃபோர்டில் பயிற்சிக் காலத்திலேயே தமிழ் படித்து, 1896இல் மெட்ராஸ் ராஜதானியில் வேலைக்குச் சேர்ந்தவர். பெல்லாரி, கர்னூல், விஜயநகரம் என்று இன்றைய ஆந்திரா, கர்நாடகப் பகுதிகளில் வேலை பார்த்தார்.

அம்மா எத்தெல் சாரா பிறந்தது கோவை போத்தனூரில், 1881இல். அவருடைய அப்பா எட்வர்ட் வாலர் ஸ்டோனி மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். அரக்கோணத்தில் பிரிந்து புத்தூர், ரேணிகுண்டா வழியாக பம்பாய் பக்கம் போகிறதே, அந்த ரயில் பாதை இந்த மெட்ராஸ் ரயில்வே போட்டதுதான். கார்வேட்டிநகரத்துக்காரர்கள் ரயில் ஏறப் போகும் புத்தூர் அதில்தான் இருக்கிறது. ஆலனின் அண்ணன் ஜான் 1908இல் குன்னூரில் பிறந்தார்.

1911இல் ஜூலியஸுக்கு சத்ரபூரில் வேலை. இன்று ஒடிசாவில் இருக்கும் அந்த ஊர் அப்போது மெட்ராஸ் ராஜதானியைச் சேர்ந்தது. சித்தூர் மாவட்டம் உருவானதும் அதே 1911இல்தான். சத்ரபூரில் இருக்கும்போது எத்தெல் கருவுற்றார். குழந்தையை இங்கிலாந்தில் பெற்றுக்கொள்ள கப்பல் ஏறினார்கள். 1912 ஜூன் 23 அன்று லண்டனில் ஆலன் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே அவரையும் அண்ணனையும் ஓய்வுபெற்ற ஒரு ராணுவ அதிகாரியின் வீட்டில் விட்டுவிட்டு பெற்றோர் திரும்பவும் மெட்ராஸ் வந்துவிட்டார்கள். அன்றைக்கு இந்தியாவில் வேலை பார்த்த ஆங்கிலேயக் குடும்பங்கள் பலவற்றில் இது சகஜம். மனதில் இருப்பதை வீட்டில் சொல்லிப் பழகும் வயதில் அந்தப் பையனுக்கு வீடு என்று ஒன்று சரியாக அமையவில்லை என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

பள்ளியில் கிறிஸ்டோபர் மோர்காம் என்ற மாணவர் மீது அவருக்கு ஆழமான பிரியம் இருந்தது. கணக்கும் வானியலும் இருவரையும் சேர்த்தன. 1930 பிப்ரவரியில் மோர்காம் காசநோயால் இறந்தார். ஆலனுக்கு அப்போது 17 வயது. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்த பிறகு, தான் ஆண்கள் மீது ஈர்ப்பு உள்ளவர் என்பதை நெருங்கிய நண்பர்களிடம் அவர் மறைக்கவில்லை. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டும் திரியவில்லை.

ஒரே மனிதர், இரண்டு ரகசியங்கள்

1936இல் எழுதிய கட்டுரையில், எந்தக் கணக்கையும் சின்னச் சின்னப் படிகளாக உடைத்துச் செய்யக்கூடிய ஒரு கற்பனை இயந்திரத்தை அவர் வரையறுத்தார். இன்றைய கம்ப்யூட்டர், போன் எல்லாவற்றுக்கும் கோட்பாட்டு அடித்தளம் அதுதான். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு 1938இல் திரும்பினார். 1939 செப்டம்பரில் போர் தொடங்கிய மறுநாளே பிளெட்ச்லி பார்க் என்ற ரகசிய மையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஜெர்மானியக் கடற்படையின் எனிக்மா சங்கேதத்தை உடைத்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். இந்த வேலை பற்றி வெளியே ஒரு வார்த்தை பேசக்கூடாது. அவர் பேசவும் இல்லை. 1970களில் ரகசியம் விலகும் வரை, அவர் என்ன செய்தார் என்பது நாட்டுக்கே தெரியாது.

ரகசியம் காக்கத் தெரியாத அப்பாவி மனிதர், அதனால்தான் மாட்டிக்கொண்டார் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தப் போரின் மிகப் பெரிய ரகசியங்களில் ஒன்றை மரணம் வரை காத்தவர் அவர். எதை மறைக்க வேண்டும், எதை மறைப்பது தப்பு என்பதில் அவருக்கென்று ஒரு கணக்கு இருந்தது.

அந்தக் கணக்கு தெளிவாகத் தெரியும் இடம் 1941. அதே குழுவில் வேலை பார்த்த கணித வல்லுநர் ஜோன் கிளார்க்கிடம் டூரிங் கல்யாணத்துக்குக் கேட்டார். அவர் சம்மதித்தார். அடுத்த சில நாட்களுக்குள்ளேயே, தனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு இருக்கிறது என்று ஜோனிடம் சொல்லிவிட்டார். ஜோன் அதிர்ந்துபோகவில்லை. நிச்சயதார்த்தம் தொடர்ந்தது, மோதிரமும் போட்டார்கள். சில மாதங்கள் கழித்து, இது சரிவராது என்று டூரிங்கே விலகினார். நட்பு முறியவில்லை.

கல்யாணம் பண்ணிக்கொள், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லும் உறவினர்கள் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். மேட்ரிமோனி தளத்தில் ஜாதகம், சம்பளம், நட்சத்திரம் எல்லாம் ஏறிவிடும். இது மட்டும் ஏறாது. கட்டாயத்துக்குக் கல்யாணம் செய்துகொள்ளும் ஆணும் சரி, பெண்ணும் சரி, பெரும்பாலும் வேறு வழி தெரியாமல்தான் செய்கிறார்கள், அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. ஆனால் எதிர்ப் பக்கத்தில் விவரமே தெரியாமல் ஒரு முழு வாழ்க்கையை ஒப்படைப்பவர் இருக்கிறார். இந்து திருமணச் சட்டத்தின் 12வது பிரிவு, முக்கியமான விவரம் ஒன்றை மறைத்து ஏமாற்றிச் சம்மதம் வாங்கிய கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்கும் உரிமையைத் தருகிறது. கிளார்க்குக்கு அந்த நிலைமை வராமல் டூரிங் பார்த்துக்கொண்டார்.

1952: திருட்டுப் புகார் கொடுக்கப் போனவர் கைதானது எப்படி?

போருக்குப் பிறகு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் ஆய்வில் இருந்தார் டூரிங். 1951 டிசம்பரில், தெருவில் ஒரு 19 வயது இளைஞரோடு அறிமுகமானார். வேலையில்லாதவர், வறுமையில் இருந்தவர். பழக்கம் உறவானது. 1952 ஜனவரியில் டூரிங் வீட்டில் திருட்டு நடந்தது. சட்டை, காலணி, சவர சாமான், திசைகாட்டி என்று மொத்தம் சுமார் 50 பவுண்டு மதிப்புள்ள பொருட்கள்.

திருடியது தன் பழக்கக்காரன்தான் என்று அந்த இளைஞர் டூரிங்கிடம் சொன்னார். அந்தத் திருடன் ஒரு கணக்குப் போட்டிருந்தான். இந்த வீட்டுக்காரர் போலீசுக்குப் போகமாட்டார், போனால் அவர் மாட்டுவார். டூரிங்கோ போனார்.

ஆரம்பத்தில் அவரும் முழு உண்மையைச் சொல்லவில்லை. திருடனைப் பற்றித் தகவல் சொன்னது யார் என்று கேட்டதற்கு, இளைஞரைக் காப்பாற்ற ஒரு கதையைக் கட்டிச் சொன்னார். பிப்ரவரி 7 அன்று துப்பறிவாளர்கள் வீட்டுக்கு வந்தார்கள். நீங்கள் சொன்னது பொய் என்று எங்களுக்குத் தெரியும் என்றார்கள். அந்த இடத்தில் டூரிங் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல் தன் கைப்பட ஐந்து பக்கம் எழுதியும் கொடுத்தார். வெட்கப்பட்டதாகவோ மன்னிப்புக் கேட்டதாகவோ அதில் எதுவும் இல்லை. தான் தப்பு செய்ததாக அவர் நினைக்கவே இல்லை.

சட்டம் அப்படி நினைக்கவில்லை. 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11வது பிரிவு, ஆண்களுக்கு இடையிலான எந்தப் பாலியல் நெருக்கத்தையும், அது நான்கு சுவருக்குள் நடந்தாலும், இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது. 1895இல் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு சிறைக்குப் போனதும் இதே பிரிவில்தான். டூரிங்குக்கு எதிராக வேறு சாட்சியே தேவைப்படவில்லை. அவர் கையெழுத்தே சாட்சி. குன்னூரில் பிறந்த அண்ணன் ஜான் இப்போது வழக்கறிஞர், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொன்னார். 1952 மார்ச் 31 அன்று நட்ஸ்ஃபோர்டில் தீர்ப்பு வந்தது. சிறைக்குப் பதில் ஓராண்டு கண்காணிப்பு, ஆனால் மருத்துவச் சிகிச்சைக்கு உடன்பட வேண்டும்.

சிகிச்சை என்று சொன்னது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன். பாலுணர்வை அழிப்பதற்காக ஓராண்டு கொடுத்தார்கள். உடல் மாறியது, மார்பு வளர்ந்தது. அரசின் சங்கேதப் பிரிவுக்கு ஆலோசனை சொல்லும் ரகசிய அனுமதியும் பறிபோனது. தன்பாலின ஈர்ப்பாளரை எதிரி நாட்டு உளவாளிகள் மிரட்டிப் பணியவைப்பார்கள் என்பது அன்றைய பாதுகாப்பு வாதம். கோர்ட்டிலேயே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட ஒருவரை எதை வைத்து மிரட்ட முடியும்? அந்தக் கேள்வியை அப்போது யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

1954 ஜூன் 7 அன்று அவர் இறந்தார். 42வது பிறந்தநாளுக்கு 16 நாட்கள் இருந்தன. மறுநாள் வீட்டு வேலைக்கு வந்த பெண்தான் உடலைப் பார்த்தார். சயனைடு விஷம். தற்கொலை என்று விசாரணையில் முடிவானது. வீட்டிலேயே ரசாயனச் சோதனைகள் செய்துகொண்டிருந்த மகன் தவறுதலாக விஷத்தை உட்கொண்டிருப்பான் என்று அம்மா கடைசி வரை நம்பினார். சில ஆய்வாளர்களும் விபத்துக்கு வாய்ப்பு உண்டு என்கிறார்கள். கட்டில் பக்கத்தில் பாதி கடித்த ஆப்பிள் கிடந்தது உண்மை, அதில் விஷம் இருந்ததா என்று யாரும் சோதிக்கவில்லை. ஆப்பிள் நிறுவனத்தின் லோகோ அவர் நினைவாக வரையப்பட்டது என்று வாட்ஸ்அப்பில் வருவது உண்மை இல்லை. லோகோவை வடிவமைத்தவரே அதை மறுத்திருக்கிறார்.

போத்தனூரில் பிறந்த அந்த அம்மா 1959இல் மகனின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். அதில் கைது இல்லை, வழக்கு இல்லை, ஹார்மோன் ஊசியும் இல்லை.

இன்று அதே திருட்டு நடந்தால்?

டூரிங் வீட்டுத் திருடன் போட்ட கணக்கை இன்றும் சிலர் போடுகிறார்கள். டேட்டிங் ஆப்பில் பேசி, தனியாக ஓரிடத்துக்கு வரவழைத்து, அடித்துப் பணம் பறிப்பது அல்லது வீடியோ எடுத்து வீட்டுக்கு அனுப்புவேன் என்று மிரட்டுவது. இந்தியாவின் பல நகரங்களில் இப்படிப்பட்ட கும்பல்கள் கைதாகியிருக்கின்றன. பாதிக்கப்பட்டவர் வாய் திறக்கமாட்டார் என்ற நம்பிக்கைதான் அவர்களுடைய மூலதனம்.

ஆனால் சட்டத்தில் நிலைமை மாறிவிட்டது. நம் நாட்டில் இந்த உறவுகளைக் குற்றமாக்கியது 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 377வது பிரிவு. அதிகபட்சம் ஆயுள் தண்டனை, அதாவது டூரிங்கைத் தண்டித்த பிரிவைவிடக் கடுமையானது. 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதைத் தளர்த்தியது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து பழைய நிலையைக் கொண்டுவந்தது. அதற்குப் பதின்மூன்றாம் நாள், 2013 டிசம்பர் 24 அன்று, டூரிங்குக்கு பிரிட்டிஷ் அரசியின் மன்னிப்பு வந்தது. தேதிகளை வரிசையாக அடுக்கிப் பார்ப்பது என் தொழில் பழக்கம், இந்த இரண்டும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் கை ஓடவில்லை.

2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. பாலின ஈர்ப்பும் அந்த அந்தரங்கத்தின் முக்கியமான பகுதி என்றும் சொன்னது. 2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு வைத்துக்கொள்ளும் உறவு குற்றம் இல்லை என்று ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 377 மாதிரி ஒரு பிரிவே கிடையாது.

நடைமுறையில் இதன் பொருள் இதுதான்: மிரட்டலுக்கு ஆளானவர் புகார் கொடுத்தால், டூரிங் மாதிரி புகார்தாரரே குற்றவாளி ஆகமாட்டார். மிரட்டிப் பணம் பறிப்பது புதிய சட்டத்தின் 308வது பிரிவில் 7 ஆண்டுகள் வரை தண்டனைக்குரிய குற்றம். உள்ளூர் ஸ்டேஷனில் தெரிந்த முகம் இருக்கும் என்று பயந்தால், வேறு ஊர் ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். ஜீரோ எஃப்ஐஆர் என்பது அதற்குத்தான். ஆன்லைனில் பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணில் உடனே சொல்ல வேண்டும். ஸ்டேஷனில் கிண்டலாகப் பேசினால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான பயம். சட்டம் மாறிய வேகத்தில் ஸ்டேஷன்கள் மாறிவிட்டன என்று என்னால் எழுத முடியாது.

ஆப் கேட்டால் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

இல்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் படிப்படியாக அமலுக்கு வருகிறது. அதன் 15வது பிரிவு, தகவல் கொடுப்பவருக்கும் சில கடமைகளை வைக்கிறது. வேறொரு ஆளின் பெயரில் நடிக்கக் கூடாது. அரசு தரும் அடையாள ஆவணங்களுக்காக விவரம் கொடுக்கும்போது முக்கியமானதை மறைக்கக் கூடாது. மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம். யார் மீது ஈர்ப்பு என்று ஒரு தனியார் ஆப்பிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவது பொய் ஆகாது. அடுத்தவர் போட்டோவைப் போட்டுப் பழகுவது பொய், அது எதிர்ப் பக்கம் இருப்பவரையும் காயப்படுத்தும்.

அந்தச் சட்டத்தில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. 2011இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் பாஸ்வேர்டு, வங்கி விவரம், மருத்துவ விவரம் ஆகியவற்றோடு பாலின ஈர்ப்பையும் சென்சிட்டிவ் தகவல் என்று தனியாகப் பிரித்து வைத்திருந்தன. 2023 சட்டத்தில் அந்தத் தனிப் பிரிவு கிடையாது. உங்கள் பின்கோடுக்கும் பாலின ஈர்ப்புக்கும் சட்டத்தின் பார்வையில் ஒரே அந்தஸ்துதான். ஒருவரை ஊரைவிட்டே துரத்தக்கூடிய தகவலுக்கு இது போதாது என்பது என் கருத்து.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. முகம் தெரியாத ஆளிடம் எழுத்தில் மட்டும் பேசினால் என்ன ஆகும் என்று முதலில் யோசித்தவர்களில் டூரிங்கும் ஒருவர். இயந்திரம் சிந்திக்குமா என்று கேட்கும் 1950ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் ஒரு விளையாட்டை வைத்தார். ஒரு அறையில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும். வெளியே கேள்வி கேட்பவர். குரல் கேட்காது, முகம் தெரியாது, டைப் செய்த பதில்கள் மட்டும் வரும். யார் ஆண், யார் பெண் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதன் பிறகுதான் ஒருவர் இடத்தில் இயந்திரத்தை வைத்தார். இன்றைய செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசும்போதெல்லாம் இரண்டாம் பாதியை மட்டும் சொல்கிறோம். ஒரு மனிதர் தான் யார் என்பதை எழுத்தில் எவ்வளவு மறைக்க முடியும் என்பதுதான் முதல் பாதி. எழுதியவர், சொன்னால் சிறை என்ற சட்டத்தின் கீழ் வாழ்ந்தவர்.

சிகிச்சை என்ற பெயரில்

2009 செப்டம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன் டூரிங்கை நடத்திய விதத்துக்காக மன்னிப்புக் கேட்டார். 2017இல் வந்த சட்டம், அதே மாதிரி தண்டிக்கப்பட்டு இறந்துபோன ஆயிரக்கணக்கானவர்களுக்கும் மன்னிப்பை விரித்தது. உயிரோடு இருப்பவர்கள் விண்ணப்பம் போட்டுக் கேட்க வேண்டும். 2021 ஜூன் 23 அன்று, அவர் பிறந்தநாளில், அவர் படம் போட்ட 50 பவுண்டு நோட்டு வெளிவந்தது.

அதற்கு 16 நாட்கள் முன்னால், 2021 ஜூன் 7 அன்று, டூரிங் இறந்த அதே தேதியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. மதுரையிலிருந்து பெற்றோருக்குப் பயந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கு அது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலின ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்றும் முயற்சிகளுக்குத் தடை விதித்தார். தீர்ப்பு எழுதும் முன், தனக்கே இது பற்றிப் புரிதல் போதவில்லை என்று உளவியல் நிபுணரிடம் ஆலோசனைக்குப் போய் வந்ததையும் வெளிப்படையாகச் சொன்னார்.

கார்வேட்டிநகரம் ஆந்திர உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருவதால், சென்னை உத்தரவு அங்கே நேரடியாகச் செல்லாது. ஆனால் அந்த வழக்கின் தொடர்ச்சியாக, இப்படிப்பட்ட சிகிச்சை தருவது தொழில்முறை நடத்தை மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 ஆகஸ்டில் எல்லா மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கும் எழுதியது. மகனையோ மகளையோ மாற்றித் தருகிறேன் என்று சொல்லும் டாக்டர் சித்தூரில் இருந்தாலும் திருப்பதியில் இருந்தாலும், அவர் மீது ஆந்திர மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.